மூன்றாவது கேள்வி

"மயில் கழுத்துக் கலர்ல காட்டுங்கம்மா. பச்சையும் தெரியணும், நீலமும் தெரியணும்" என்றாள் மணப்பெண்ணின் பெரியம்மா.

பிரேமலதா மேல்தட்டிலிருந்து இன்னும் ஆறு சேலைகளை உருவி மேசைமேல் போட்டாள். ஒவ்வொன்றாக முந்தியை உதறி விரித்துக் காட்டினாள். ஏரலிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த கூட்டம். காலை பதினொன்றிலிருந்து பார்க்கிறார்கள். விரித்த சேலைகள் மேசையில் முழங்கை உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

வண்ணார்பேட்டையில் அந்த ஜவுளிக்கடைக்கு ஐந்து மாடி. மூன்றாவது மாடி முழுக்கப் பட்டு. ஒன்பதரைக்கு ஷட்டர் ஏறியதிலிருந்து அவள் நின்றுகொண்டிருந்தாள். வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு மாடிக்கு இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒன்றின்மேல் தண்ணீர் கேன் இருந்தது. இன்னொன்றின்மேல் கட்டைப்பைகளை அடுக்கியிருந்தார்கள்.

ஒன்றரைக்கு அவளுடைய சாப்பாட்டு முறை. மணி இரண்டே கால். தொப்புளுக்குக் கீழே ஒரு முறுக்கல் கிளம்பி, பைய இடுப்பைச் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் போனது. இது பசி இல்லை என்று அவளுக்குத் தெரியும். முந்தானை மறைவில் இடுப்பிலிருந்து ஒரு துண்டுப் பனங்கற்கண்டை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டாள்.

பக்கத்து மேசையில் நின்ற இன்பமணி கவனித்துவிட்டாள். "யக்கா, மொகம் வெளுத்துட்டு. சாப்பிடப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"அண்ணாச்சி விடணும்லா."

தளத்துக்குப் பொறுப்பான மகாராஜன் படிக்கட்டின் தலைப்பில் நின்றிருந்தார். ஐம்பது தாண்டியவர். இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே பட்டைத் துணி சுற்றி அதற்குமேல் பேண்ட் போட்டிருப்பார். நின்று நின்று நரம்பு புடைத்துவிட்டது. அவள் கேட்பதற்கு முன்பே அவர் கையைக் காட்டினார். "ஏரல் பார்ட்டி முடியட்டும்மா. பாதியில ஆள் மாறுனா எந்திரிச்சுப் போயிருவாங்க. கேமராவுல மேல பாத்துக்கிட்டு இருக்காவ."

அவர்கள் மூன்று மணிக்கு மூன்று சேலைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பிரேமலதா கழிப்பறைக்குப் போனாள். சிறுநீர் பாலில்லாத கட்டஞ்சாயா நிறத்தில் போனது. இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, சுவரில் நெற்றியை முட்டி நின்றாள். கழிப்பறைக்கு ஐந்து நிமிடம். அதற்குமேல் போனால் பெயரைக் கூப்பிடுவார்கள்.

இந்த வலி அவளுக்கு இருபத்தேழு வயதில் வந்தது. இப்போது முப்பத்திரண்டு. முதலில் குடல்வால் என்று அறுத்தார்கள். அறுத்த பிறகும் வலித்தது. கேஸ் என்றார்கள், கர்ப்பப்பை என்றார்கள், கடைசியில் மனசு என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையைப் போட்ட மூன்று நாளும் வலி கூடி அவள் கத்தியது, சிந்துபூந்துறையில் அவர்கள் குடியிருந்த வளவு வீடுகள் முழுக்கக் கேட்டது. புருஷன் பூதத்தான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வாழைத்தார் ஏற்றப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள் என்று குறி சொல்லும் ஒரு கோடாங்கியிடமும் கூட்டிப்போனான்.

கண்டுபிடித்தவர் டாக்டர் சுந்தர்ராமன். அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவளுடைய சிறுநீரை ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்து ஜன்னல் விளிம்பில் வெயில் படும்படி வைத்தார். மற்ற நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு வந்து எடுத்துக் காட்டினார். சிவந்து கறுத்திருந்தது.

"இதுக்குப் பேரு போர்ஃபிரியா. பரம்பரையா வரது. லட்சத்துல ஒருத்தருக்கு. ரத்தத்துக்கு வேண்டிய ஒரு பொருளைக் கல்லீரல் எட்டுப் படியாச் செய்யணும். உனக்கு மூணாவது படி பழுது. நீ வேளைக்குச் சாப்பிடாம இருந்தா அந்த இடத்துல சரக்கு தேங்கும். தேங்கினது விஷமாகி நரம்புல ஏறும். உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்ததா?"

அவளுக்குக் களக்காட்டு அத்தை ஞாபகம் வந்தாள். அப்பாவின் தங்கை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் உருளுவாளாம். கோட்டி பிடித்துவிட்டது, பைத்தியம் என்று மாட்டுத் தொழுவத்தில் கட்டிப்போட்டார்கள். இருபத்தாறு வயதில் கை கால் விளங்காமல் அங்கேயே செத்துப்போனாள்.

"என் மகளுக்கு வருமா, சார்?"

"பாதிக்குப் பாதி. வயசுக்கு வந்த பிறகுதான் வலி காட்டும். இருக்கா இல்லையான்னு இப்பவே ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

மதுநிஷாவுக்கு அப்போது பத்து வயது. வெளியே வந்ததும் பூதத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு அவள யாரு கெட்டுவா?"

மருந்துச் சோதனையைப் பற்றி டாக்டர் சொன்னது அதற்கு அடுத்த வருடம். வெளிநாட்டுக் கம்பெனி. மாதம் ஒரு ஊசி, வயிற்றுத் தோலுக்கு அடியில். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆறு மாதம் முடிந்தால் எல்லோருக்கும் நிஜ மருந்து. நாட்டில் ஐந்து ஊர்களில் நடக்கிறது. திருநெல்வேலியில் சேர்ந்தது அவள் ஒருத்திதான்.

"உப்புத்தண்ணியா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்" என்று அவள் பூதத்தானிடம் சொன்னாள். "மருந்துன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா, பிள்ளைக்கு ஆகும்லா."

சோதனை வேலைகளைப் பார்க்க ஆஸ்பத்திரியில் பெர்சிஸ் என்ற பெண்ணை வைத்திருந்தார்கள். பாளையங்கோட்டைக்காரி. இருபத்தாறு வயது. அவளும் ஒப்பந்தத்தில் இருப்பவள்தான். சோதனை முடிந்தால் அவள் வேலையும் முடியும். ஊசி போட வரும்போதெல்லாம் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பாள். வலி வந்ததா? எத்தனை நாள் இருந்தது? அதற்கு ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்தீர்களா?

முதல் ஊசி சித்திரையில். இரண்டாவது மாதம் கடையில் வலி வந்து, இன்பமணி ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தாள். நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பெர்சிஸ் மூன்று கேள்விக்கும் விடை எழுதி, இரண்டாவது மாதத்துக்கான கட்டத்தில் 1 என்று போட்டாள்.

ஐந்தாம் நாள் கடைக்குப் போனபோது மகாராஜன் அவளைப் படிக்கட்டு ஓரமாகக் கூப்பிட்டார். "நான் சொல்லிப் பாத்துட்டேன். இன்னொரு மட்டம் சொல்லாம நாலு நாள் வேலைக்கு வராம நின்னா, கார்டை வாங்கிட்டு அனுப்பச் சொல்லிட்டாவ. ஆடித் தள்ளுபடி வருது. ஒன் எடத்துக்கு இருவது பிள்ளைக எழுதிப் போட்டிருக்கு." அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கும் ஆபரேசன் பண்ணணும்னுதான் சொல்லுதான். பண்ணவா முடியுது?"

இதற்கு முன்பு ஜங்ஷனில் ஒரு கடையில் இருந்தாள். ஒரே வருடத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரியில் படுத்ததற்காக அங்கிருந்து அனுப்பப்பட்டவள். அதற்குப் பிறகு ஏழு மாதம் வேலை இல்லை. பூதத்தானின் வண்டி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடும்.

ஆடியில், ஏரல் கூட்டம் வந்த அன்று, மறுபடி வந்தது. அவள் ஆட்டோ பிடிக்கவில்லை. கற்கண்டைச் சவைத்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்தாள். மறுநாள் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு ஒன்பதரைக்கு வந்து நின்றாள். அப்படி ஐந்து நாள்.

ஊசிக்குப் போனபோது பெர்சிஸ் கேட்டாள். "வலி வந்துச்சாக்கா?"

"வந்துச்சு, மேடம்."

"எத்தனை நாள்?"

"அஞ்சு."

"எங்கயாவது ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனாக்கூடப் போதும்."

"இல்ல மேடம். வேலைக்குப் போனேன்."

பெர்சிஸின் பேனா நின்றது. "வேலைக்குப் போனீங்களா? அந்த வலியோடயா?"

"நிக்கதுதான? நின்னுக்கிட்டேன்."

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் இதுல வலின்னு எழுதலாம். இல்லைன்னா சுழிதான் போடணும்."

பிரேமலதா படிவத்தைப் பார்த்தாள். "வலி வந்துச்சான்னு மொதல்லயே கேட்டீங்களே. அதுக்கு ஆமான்னு சொன்னேம்லா?"

"அது வேற பக்கத்துல எழுதிருவேன். ஆனா மருந்து வேலை செய்யுதா இல்லியான்னு பாக்கது இந்தக் கட்டத்தை வச்சுத்தான். ஆறு கட்டம் இருக்குல்லா, இதத்தான் எல்லா ஊர்லருந்தும் எடுத்துக் கூட்டுவாங்க."

"அப்பம் அதுலயும் எழுதிருங்க."

"எழுத முடியாதுக்கா. அட்மிஷன் சீட்டு கேப்பாங்க." பெர்சிஸ் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "ஒங்களுக்குப் போடுறது உப்புத்தண்ணின்னு வைங்க. உப்புத்தண்ணி போட்டவங்களுக்கும் வலி வரலன்னு ஆயிரும். மருந்தா இருந்தா, இந்த மருந்து போட்டா வலி வராதுன்னு ஆயிரும். ரெண்டுமே பொய்யில்லா? நாளைக்கு இதத்தான ஒங்க பிள்ளைக்குப் போடுவாங்க? வலி வந்தா ஒடனே வாங்க. பெட், மருந்து, சாப்பாடு எல்லாமே இலவசம்."

"இலவசந்தான் மேடம். வெளிய போனா வேலைய யாரு குடுப்பா?"

பெர்சிஸ் நான்காவது கட்டத்தில் 0 என்று எழுதினாள். எழுதிவிட்டு நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். இவர் ஒரு பரம்பரைக் கல்லீரல் நோய்க்கான மருந்து ஆய்வில் பங்கேற்கிறார், வேளாவேளைக்கு உணவும் தேவைப்படும்போது விடுப்பும் இவருக்கு அவசியம் என்று ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியிருந்தது. பிரேமலதா அதை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தாள். இன்பமணிதான் வற்புறுத்தினாள். "பெரிய டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. மதிக்காமலா போவாங்க? குடுங்கக்கா."

மகாராஜன் அதை வாங்கி மேலே ஆபீசுக்குக் கொண்டுபோனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"நாளையிலருந்து கீழ குடோனுக்குப் போயிரும்மா."

"எதுக்கு அண்ணாச்சி?"

"மருந்து ஆய்வுன்னு போட்டிருக்குல்லா. கஸ்டமர் முன்னால நீ விழுந்து எவனாவது வீடியோ எடுத்தாம்னா கடைப்பேரு என்னாவுதுன்னு கேக்காவ. ஒட்டுற நோயான்னு வேற கேட்டாவ. இல்லைன்னேன். நம்பல." அவர் குரலைத் தாழ்த்தினார். "வேலைய விட்டுத் தூக்கலைல்லா. அங்கன கெட. தீபாவளி கழியட்டும், மெள்ளப் பேசி மேல கொண்டாந்துருதேன்."

குடோன் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. சூரத்திலிருந்து வந்த பொதிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். பொதியைப் பிரித்து, துணியை உதறி, விலைச்சீட்டு மாட்ட வேண்டும். சீட்டு மாட்ட ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவைக்குமேல் அதன் விசையை அழுத்த வேண்டும். அவளோடு அங்கே இருந்தது காது மந்தமான வேதமுத்து என்ற பெரியவர் மட்டும். மேலே சரக்கு தீரத் தீர மணி அடிக்கும். மணி அடித்தால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். புரட்டாசி பிறந்த பிறகு மணி ஓயவில்லை. சில நாள் மத்தியானம் கொண்டுபோன டிபன் பாக்ஸ் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. புளித்துப்போன தயிர்ச்சோற்றை மதுநிஷா வாசலில் நாய்க்குக் கொட்டினாள்.

ஐந்தாவது கட்டத்திலும் சுழி விழுந்தது.

அந்த மாதம் சென்னையிலிருந்து கம்பெனி சார்பில் ஒருவர் வந்து கோப்புகளைப் பார்த்தார். இரண்டாவது மாதம் 1, அதன்பின் எல்லாம் 0. "நல்லா வேலை செய்யுது போலயே" என்று அந்தத் தாளின் ஓரத்தில் பச்சைப் பேனாவால் ஒரு சரி போட்டார். பெர்சிஸ் நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "இது விதியில இருக்குற வரையறை மேடம். ஒரு பேஷண்டுக்காக மாத்த முடியாது. நீங்க அவங்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க" என்றார். அவருக்கு நான்கு மணிக்கு ரயில்.

ஆறாவது மாதம் முடிகிற தேதி தீபாவளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. அன்று வந்துவிடச் சொல்லி பெர்சிஸ் இரண்டு முறை போன் செய்தாள்.

"தீபாவளி வரைக்கும் யாருக்கும் லீவு கெடையாதுன்னு போர்டே எழுதிப் போட்டாச்சு மேடம். அடுத்த செவ்வாக்கெழம வாரேனே?"

"வரலாம்கா. ஒரு வாரம் வரைக்கும் வரலாம். ஆனா கணக்கு இந்தச் செவ்வாயோட மூடிரும். ஒங்களுக்கு வலி ஏதும் இருக்கா?"

பிரேமலதா பொதியின்மேல் சாய்ந்து நின்றிருந்தாள். முதுகில் நான்கு நாளாகக் கத்தி செருகியதுபோல் இருந்தது. "இருக்கு மேடம். தாங்கிக்கிடுதேன். முடிஞ்சா நெஜ மருந்து போடுவீங்கல்லா?"

"போடுவோம்கா" என்றாள் பெர்சிஸ்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் துப்பாக்கியின் விசை இறங்கவில்லை. மாட்டிக்கொண்டது என்று நினைத்து வேதமுத்துவிடம் நீட்டினாள். அவர் வாங்கி இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். அவள் வலது கையால் வாங்கினாள். அது விரல்களுக்கு இடையில் நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். மணிக்கட்டு தொங்கியது. தூக்கத் தூக்க மறுபடி தொங்கியது. இடது கையால் எடுத்து, மேசை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் அமுக்கிச் சீட்டு மாட்டினாள். சனியும் ஞாயிறும் அப்படியே போயின.

தீபாவளியன்று காலையில் மதுநிஷாவின் தலையில் எண்ணெய் வைக்கக் கையைத் தூக்கியபோது இரண்டு கையும் தோளுக்குமேல் எழவில்லை. "அப்பாட்ட வச்சுக்கிடு" என்றாள். குரல் கம்மி, யாரோ தூரத்திலிருந்து பேசுவதுபோல் வந்தது. பூதத்தான் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். "என்னட்டி செய்யுது ஒனக்கு?"

"நின்னு வேல செஞ்ச அசதி. நாளைக்குத்தான் போறோம்லா?"

அடுத்த வீட்டுப் பெண்தான் அவளுக்கு ஜாக்கெட் கொக்கியை மாட்டிவிட்டாள். அன்று ராத்திரி எழுந்து தண்ணீர் குடித்தபோது புரையேறி மூக்கு வழியாக வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பூதத்தான் லோடு ஆட்டோவில் அவளை ஏற்றினான். ஆஸ்பத்திரி வாசலில் அவளால் இறங்க முடியவில்லை. தூக்கித்தான் இறக்கினான். டாக்டர் சுந்தர்ராமன் அவள் கையைத் தூக்கி விட்டார், விழுந்தது. முழங்காலில் சுத்தியலால் தட்டினார், கால் அசையவில்லை. ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். ஏழு வரைக்கும் எண்ணிவிட்டு மூச்சு வாங்கினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"வெள்ளிக்கெழம… கையி…"

"வெள்ளிக்கிழமையே வந்திருக்கணும்மா" என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் போட்டு, மூச்சு எந்திரம் ஒன்றைத் தயாராக வைக்கச் சொன்னார். பெர்சிஸ் பக்கம் திரும்பினார். "அவங்க கணக்கை மூடுற படிவம் முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல சார். இவங்க கையெழுத்து வேணும்."

"இப்பவே வாங்கிடு. டியூப் போட்டுட்டா முடியாது."

தள்ளுவண்டி தாழ்வாரத்தில் லிஃப்ட்டுக்காக நின்றது. பூதத்தான் மனைவியின் தலைமாட்டில் நின்றான். பெர்சிஸ் அட்டையில் செருகிய தாளைக் கொண்டுவந்தாள். தாளில் ஆறு கட்டங்கள். இரண்டாவதில் 1. மற்ற ஐந்திலும் 0.

பூதத்தான் எட்டிப் பார்த்தான். "என்ன மேடம் இது? இப்பம் ஆஸ்பத்திரியிலதான படுத்திருக்கா? இதை எழுதலியா?"

"இதைப் பின்னால வேற தாள்ல எழுதுவோம் அண்ணே." பெர்சிஸ் தாளில் இருந்த தேதியைக் காட்டினாள். "இந்தக் கணக்கு போன செவ்வாய்க்கிழமையோட முடிஞ்சிட்டு."

"அப்பம் அந்த நெஜ மருந்து?"

"டாக்டர் கம்பெனிக்கு எழுதிக் கேக்கணும். நரம்பு தளர்ந்தவங்களுக்குப் போடலாமான்னு அவங்கதான் சொல்லணும்."

பிரேமலதா பேனாவை வாங்கக் கையை நகர்த்தினாள். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள். பேனா விரல்களில் நிற்காமல் வயிற்றின்மேல் உருண்டு, தரையில் விழுந்து சுவரோரம் ஓடியது. பெர்சிஸ் அதைத் தேடி எடுக்கவில்லை. உள்ளே போய் மைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். பிரேமலதாவின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, கட்டங்களுக்குக் கீழே தாளில் வைத்து அழுத்தினாள். விரலில் பிடிமானம் இல்லாததால் ரேகை இழுபட்டுக் கரிக்கோடாக விழுந்தது. ரேகை தெளிவாக இருக்க வேண்டும் என்று அடியில் அச்சடித்திருந்தது. பெர்சிஸ் அந்த விரலை மறுபடி மையில் ஒற்றி, மணிக்கட்டைத் தன் இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டாவது தடவை வைத்தாள்.

இந்த முறை நன்றாக விழுந்தது. லிஃப்ட்டின் கதவு திறந்து, வண்டி உள்ளே போய், கதவு மூடியது. ஈரம் மேலே ஏறிக் கடைசிக் கட்டத்துச் சுழியைக் கலைத்துவிடாதபடி, பெர்சிஸ் தாளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வாயால் ஊதி ஊதி உலர்த்தினாள்.